புதன்கிழமை மெயில்

அத்தியாயம் 14

12.11.1999, வெள்ளி. காலை 6.20. எலியா மாமா வீட்டு முற்றம், களியக்காவிளை.

ஒரு திருத்தம். புதன், வியாழன் இரண்டு நாள் பக்கத்திலும் "அண்ணனிடமிருந்து மெயில் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். அது தவறு. "பார்க்க முடியவில்லை" என்றுதான் எழுதியிருக்க வேண்டும். இரண்டு நாளும் ஒருமுறைகூட இணைப்பு கிடைக்கவில்லை. அம்மா கேட்டபோதும் "இல்லை" என்றே சொல்லிவிட்டேன். கிடைக்கவில்லை என்று சொன்னால், காசு கட்டிப் படித்தும் இவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைப்பார்கள் என்று பயம். காரணம் இன்று காலை தெரிந்தது. சிறிய தவறுதான். காரக்கோணம் போனதும் சரியாகிவிடும்.

ரெஜிலா பேனாவை மூடினாள். கடைசி வரிகள் அவளுக்கே பிடிக்கவில்லை. தவறு சிறியதா பெரியதா என்று தவறு செய்தவளே மார்க் போடலாமா? அடித்துவிடலாம் என்று பார்த்தாள். அடித்தால் பக்கம் அசிங்கமாகும். இருக்கட்டும் என்று நோட்டைத் தலையணைக்கு அடியில் செருகினாள்.

தலையணை இருந்தது வீட்டில் அல்ல, வண்டியில்.

குவைத்தில் இருபது வருஷம் எண்ணெய்க் கம்பெனி லாரி ஓட்டிய அவள் அப்பா ராபின்சன், அங்கே பாலைவனத்தில் வெள்ளைக்காரன்கள் வண்டிக்குள்ளேயே படுத்துச் சமைத்துக் குளித்து வாழ்ந்ததைப் பார்த்தவர். ஊருக்குத் திரும்பியதும் ஒரு பழைய வேனை வாங்கினார். தச்சனைக் கூட்டி வந்து உள்ளே இரண்டு படுக்கை, ஒரு ஸ்டவ், தண்ணீர்த் தொட்டி, பேட்டரியில் ஓடும் மின்விசிறி எல்லாம் பொருத்தினார். கேரவன் என்று அவர் சொன்னார். சொந்த ஊரான பாறசாலையில் எல்லாரும் வீட்டுவண்டி என்றார்கள்.

ஆசைக்காக மட்டும் கட்டிய வண்டி இல்லை அது. அவர் மனைவி புஷ்பபாய்க்கு முதுகுத் தண்டில் கோளாறு. கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது, படுத்தாக வேண்டும். மகன் கல்யாணத்துக்கோ புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வாசலுக்கு வந்து கூப்பிட்டால்தான் இந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் அதை அழைப்பாகவே எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் மட்டும் வந்து கார்டு நீட்டினால், கல்யாணத்தன்று வீட்டுக்கு ஒருவர் மட்டும் வந்து உட்கார்ந்து பதிலுக்குக் காட்டிவிடுவார்கள். ஆகவே படுக்கையோடு புறப்பட்டார்கள்.

கல்யாணம் நவம்பர் இருபத்தைந்து. மாப்பிள்ளை, அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் ரெஜிலாவின் அண்ணன் நிஜின். பெண், காஞ்சிரங்குளத்து ஷிஜி.

நெய்யாற்றின்கரையில் மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்பில் ரெஜிலாவின் பக்கத்து நாற்காலிக்காரிதான் ஷிஜி. சம்பந்தத்துக்கு முதலில் வாய் திறந்ததே ரெஜிலாதான். ஜூலையில் நிஜின் வந்தான், பெண்ணைப் பார்த்தான், தலையை ஆட்டினான், நிச்சயம் முடிந்து பறந்துவிட்டான். சபையில் இரண்டு ஞாயிறு திருமண ஓலை வாசித்தாகிவிட்டது. ஆட்சேபணை உண்டானால் சொல்லலாம் என்று போதகர் கேட்க, யாரும் எழுந்திருக்கவில்லை. நாளை மறுநாள் மூன்றாவது ஓலை. அதையும் வாசித்துவிட்டால் ஊர் கணக்கில் பாதிக் கல்யாணம் முடிந்தது.

நாலு நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறோம், போன் அடித்தால் எடுக்க ஆள் இருக்காது என்று நிஜினுக்கு ரெஜிலா முன்பே எழுதியிருந்தாள். பயணத் தேதியை மெயிலில் அனுப்பு, தினமும் சாயங்காலம் எந்த வீட்டில் போன் இருக்கிறதோ அங்கிருந்து பார்ப்பேன் என்றாள். அண்ணன் யாரிடமோ கொடுத்தனுப்பிய பழைய லேப்டாப் அவளிடம் இருந்தது. பத்து மீட்டர் போன் ஒயரும் வாங்கி வைத்திருந்தாள். எல்லாவற்றையும் யோசித்திருந்தாள்.

ஒன்றைத் தவிர.

புதன்கிழமை முதல் வீடு, களியக்காவிளைப் பக்கம் லீலாபாய் சித்தி வீடு. மோடம் கீச்சென்று கத்தியதில் சித்தியின் நாய் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தது. சோறு வைத்தும் வரவில்லை. வெட்கப்பட்டு ரெஜிலா ஒலியை நிறுத்திவிட்டாள். அதன்பிறகு எந்த வீட்டில் முயன்றாலும் திரையில் பதில் இல்லை என்றே வந்தது. சாயங்காலம் லைன் கிடைக்காதது வகுப்பிலும் வழக்கம்தானே என்று விட்டுவிட்டாள்.

இன்று விடியலில், எல்லாரும் எழுவதற்கு முன் எலியா மாமாவின் போனில் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். ஒலியைக் கொஞ்சம் திறந்து வைத்தாள். மணி அடித்தது. கீச்சொலிக்குப் பதில் லேப்டாப்புக்குள்ளிருந்து ஒரு பெண் பேசினாள்.

"ஆருலே அது? ரெண்டு நாளா விளிச்சு விளிச்சு மிண்டாம இருக்கியே, உனக்க வீட்டில வேற சோலி இல்லியா?"

ரெஜிலா ஒயரைப் பிடுங்கிவிட்டாள்.

அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது திருவனந்தபுரத்து இன்டர்நெட் நம்பர். பாறசாலையிலிருந்து அப்படியே சுழற்றினால் போதும். எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்குள் வந்தால் அந்த நம்பர் வெளிமாநிலம், முன்னால் 0471 போட வேண்டும். போடாமல் விட்டால் இங்கே அதே எண்ணில் இருக்கும் யார் வீட்டிலோ போய் மணி அடிக்கும். எந்த ஊரில் இருக்கிறோம் என்பதை முதலில் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடு என்று ரெத்தினதாஸ் சார் வகுப்பில் சொன்னதை அவள் முப்பத்தொன்றாம் பக்கத்தில் அடிக்கோடிட்டு எழுதியும் வைத்திருந்தாள். ஆனால் களியக்காவிளை அவளுக்கு வேறு ஊராக ஒருநாளும் தோன்றியதில்லை. மீன் வாங்க நடந்து வரும் தூரம். பேச்சு ஒன்று, சொந்தம் ஒன்று, சபை ஒன்று. போனுக்கு மட்டும் அது வேறு தேசம் என்று எப்படி ஞாபகம் வரும்?

எலியா மாமா போனில் வெளியூர் பேச முடியாதபடி பூட்டு போட்டிருந்தார். சரி, காரக்கோணம் கேரளத்தில்தானே, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா கண் விழித்ததும் வழக்கம்போல முதலில் அதைத்தான் கேட்டாள். "மெயில் உண்டா மக்கா?"

"இன்னும் பாக்கல்லம்மா" என்றாள் ரெஜிலா. அதுவரை உண்மை.

*

காரக்கோணத்தில் ஆனந்தபாய் மாமி, ராபின்சனின் அக்கா. நாக்கு நீளம்; கை அதைவிடத் தாராளம். வண்டி முற்றத்தில் நின்றதுமே இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"வீட்டையும் தூக்கிட்டு வந்திட்டியளா? அப்பம் இங்க சோறு வேண்டாம்னு அர்த்தம்."

"சோறு வேணும் மைனி. எறங்கத்தான் ஒக்காது" என்றாள் புஷ்பபாய் படுக்கையிலிருந்தே.

அதனால் இந்த மூன்று நாளும் நடந்ததுதான் இங்கேயும் நடந்தது. அழைக்க வந்தவர்கள் வண்டிக்குள் இருக்க, அழைக்கப்பட வேண்டியவர்கள் படியேறி வண்டிக்குள் போனார்கள். ஆனந்தபாய் மாமியும் மாமாவும் உள்ளே நுழைந்து ஸ்டவ்வைத் திருகிப் பார்த்தார்கள், தொட்டியைத் தட்டிப் பார்த்தார்கள், கக்கூஸ் எங்கே என்று கேட்டுச் சிரித்தார்கள்.

முன்னறையில் ரெஜிலா தனியாக இருந்தாள். போன் ஒயரைக் கழற்றி லேப்டாப்பில் மாட்டினாள். நோட்டில் நேரம் எழுதினாள்: 9.50. சுழற்றினாள். முதல் முயற்சியிலேயே கிடைத்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மூன்று மெயில்.

முதலாவது புதன்கிழமை வந்தது. நிஜின் எப்போதும் போல இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் எழுதியிருந்தான். அதை மனதுக்குள் ஒலித்துப் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

"ரெஜி, நீங்கள் புறப்படும் முன் பிடித்துவிடலாம் என்று நாலு தடவை வீட்டுக்குப் போன் பண்ணினேன், யாரும் எடுக்கவில்லை. கார்டு கொடுக்கத் தொடங்கிவிட்டீர்களா? தொடங்கவில்லை என்றால் தொடங்க வேண்டாம். தொடங்கியிருந்தால் இன்றோடு நிறுத்து. என்னால் ஷிஜியைக் கட்டிக்கொள்ள முடியாது. இங்கே என்னோடு வேலை செய்யும் ஒருத்திக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஜூலையில் வாய் திறக்கத் தைரியம் இல்லை. அம்மா கேட்க மாட்டாள். நீ அப்பாவிடம் சொல்லு. நீ தினமும் மெயில் பார்ப்பாய் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்."

இரண்டாவது வியாழக்கிழமை. "டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். நீ ஏன் பதில் போடவில்லை?"

மூன்றாவதன் தலைப்பு "ஷிஜிக்கு" என்று இருந்தது. ரெஜி, நீ திறக்காதே, அவளிடம் காட்டு என்று அதற்குப் பக்கத்திலேயே எழுதியிருந்தான்.

ஜன்னல் வழியே வண்டியின் பின்கதவு நேராகத் தெரிந்தது. அப்பா எழுந்து நின்று, வண்டிக் கூரை இடிக்காமல் தலையைச் சாய்த்துக்கொண்டு ஜெபித்தார். அம்மா ஒரு கையை ஊன்றி எழும்பி உட்கார்ந்தாள். முகம் வலியில் சுருங்கி, உடனே சிரித்தது. தட்டை நீட்டினாள். மாமி இரண்டு கையாலும் கார்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இப்போது ஓடிப்போய் அந்தக் கார்டைப் பிடுங்கலாம். பத்தடி தூரம்தான். ரெஜிலாவால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை.

மாமி உள்ளே வந்து, மாப்பிள்ளைப் பையன் என்ன எழுதியிருக்கிறான், வரும்போது மாமிக்கு என்ன கொண்டுவருகிறான் என்று கேட்டாள். ரெஜிலா லேப்டாப்பை மூடினாள். தலைவலிக்கிறது என்றாள். அதுவும் அப்போதைக்கு உண்மைதான். மாமி சுக்குக்காப்பி போட ஓடினாள்.

அடுத்த வீடு மோகனன் சார். அப்பாவோடு ஒன்றாம் வகுப்பு முதல் படித்தவர். அவர் மனைவி ஷியாமளா ரெஜிலாவைப் பிடித்துக்கொண்டு பெண் எப்படி, நிறம் எப்படி, குணம் எப்படி என்று கேட்டாள். நல்ல பெண் என்று சொல்லிக்கொண்டே வந்த ரெஜிலாவுக்கு ஓரிடத்தில் குரல் கம்மியது. நாத்தனாருக்கு இவ்வளவு பாசமா, எங்கேயும் கண்டதில்லை என்று ஷியாமளா அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

அங்கேயும் ஒரு கார்டு போயிற்று. நாற்பத்து மூன்றாவது.

வண்டி காட்டாக்கடை ரோட்டில் ஏறியது. அடுத்து அங்கே பதினோரு வீடு. இரு பக்கமும் ரப்பர் மரங்கள். அம்மா படுத்தபடி வயிற்றின்மேல் இருந்த கார்டுகளைச் சரிசெய்து, பெயர் எழுதிய பட்டியலோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமி வீட்டில மெயில் பாத்தியா மக்கா? உண்டா?"

"அப்பா, வண்டிய ஒண்ணு நிறுத்துங்க" என்றாள் ரெஜிலா.

*

நின்ற வண்டிக்குள் அவள் இரண்டு மெயிலையும் வாசித்தாள். முதலில் சொந்த வார்த்தையில் சொல்லலாம் என்று நினைத்தாள். வாய் வரவில்லை. வகுப்பில் பாடம் வாசிப்பது போலத் திரையைப் பார்த்து வாசித்துவிட்டாள். அண்ணன் இங்கிலீஷ் எழுத்தில் எழுதியதால் சில இடத்தில் தட்டுத்தடுமாறியது. அந்தத் தடுமாற்றம் இன்னும் கொடுமையாக இருந்தது.

ராபின்சன் டிரைவர் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தபடியே இருந்தார். முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"இது எப்பம் வந்தது?"

"மொதல் மெயில் புதன்கிழமை."

"புதன்கிழமையா? நீ ரெண்டு நாளும் இல்லன்னுல்லா சொன்னே?"

ரெஜிலா எல்லாவற்றையும் சொன்னாள். 0471 போடாமல் விட்டது, யார் வீட்டிலோ மணி அடித்தது, பார்க்க முடியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டது. புதன்கிழமையே முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சாயங்காலமே பாறசாலைக்கு வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். பத்து நிமிஷ வழி. இத்தனை வீட்டுக்குக் கார்டு போயிருக்காது.

அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. இன்று போட்டார். இத்தனை படிப்பு எதற்கு, இந்தப் பெட்டி எதற்கு, வாயால் உள்ளதைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்டார். ரெஜிலா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். ஒவ்வொன்றும் சரியாகவே பட்டது.

"அவள ஏசாதீங்க" என்றாள் புஷ்பபாய்.

அவள் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். கார்டுகள் வயிற்றின்மேல் இருந்தன.

"அவ இல்லன்னு சொன்னப்பம் எல்லாம் எனக்கு நிம்மதியாக்கும் இருந்தது."

ராபின்சனுக்குப் புரியவில்லை. ரெஜிலாவுக்கும்தான். தினமும் காலையும் சாயங்காலமும் அம்மா கேட்ட கேள்வி, மகனிடமிருந்து ஒரு வார்த்தைக்கு ஏங்கும் கேள்வி என்றே அவள் எண்ணியிருந்தாள். பாவம் அம்மா என்று நோட்டில்கூட எழுதியிருந்தாள்.

"அவன் எனக்கிட்ட செப்டம்பர் மாசமே சொல்லியாச்சு" என்றாள் புஷ்பபாய். "நீங்க சந்தைக்குப் போயிருந்திய. இவ கிளாசுக்கு. போன்ல அழுதான். கல்யாணம் வேண்டாம்மாண்ணு சொன்னான். நான் சொன்னேன், நீ மொதல்ல வா மக்கா, வந்து பேசலாம்னு. பின்னயும் ரெண்டு மூணு மட்டம் விளிச்சான். நான் வேற வர்த்தமானம் பேசி வச்சிருவேன்."

வெளியே ஒரு பஸ் போயிற்று. வண்டி லேசாக ஆடி அடங்கியது.

"பெண்ணையும் ஆளுகளையும் பந்தலையும் கண்டா மாறுவான்னு நெனச்சேன். எனக்க மவன எனக்குத் தெரியாதா? சின்னப் பிள்ளையில பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு அழுவான், கொண்டு விட்டா அங்க இருந்து சிரிப்பான். அப்படியாக்கும்னு நெனச்சேன்."

ராபின்சன் மெல்லக் கேட்டார். "அதுக்காக்கும் பெயின்ட் காயங்காட்டியும் பொறப்படணும்னு நீ நின்னது?"

புஷ்பபாய் வயிற்றின்மேல் இருந்த கார்டுகளைக் கவிழ்த்து வைத்தாள்.

அதற்குமேல் சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. அடுத்த வாரம் போகலாம், வண்டிக்குள் இன்னும் பெயின்ட் வாடை போகவில்லை என்று அவர் சொன்னதும், இல்லை இந்த வாரமே போகணும், வீட்டில் இருந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது என்று அவள் பிடிவாதம் பிடித்ததும் ரெஜிலாவுக்கு நினைவுக்கு வந்தது. வீட்டில் மூச்சு முட்டவைத்தது போன். ஓயாமல் அடிக்கக்கூடிய போன். அதை விட்டுத் தப்பித்து, சக்கரம் வைத்த ஒரு வீட்டுக்குள் படுத்துக்கொண்டு, மூன்றாவது ஓலை வாசிக்கும்வரை ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தால் போதும் என்று அம்மா நினைத்திருக்கிறாள். மகள் கையில் இருந்த பெட்டி ஒன்றுதான் அவளுக்குப் பயம். அதுவும் இரண்டு நாள் இல்லை என்றே சொல்லிற்று.

"உனக்க முதுகுக்காக்கும் நான் இத கெட்டினேன், புஷ்பம்" என்றார் ராபின்சன்.

கதவைத் திறந்து இறங்கினார். முன்னால் போய் பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை. தூக்கிய பானட்டுக்குப் பின்னால் அவர் முகம் வண்டியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

*

உள்ளே வெயில் ஏறியது. ரெஜிலா மின்விசிறியை அம்மா பக்கம் திருப்பினாள். அம்மாவின் இடுப்பு பெல்ட்டைத் தளர்த்தி, முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தாள். இதெல்லாம் கை தானாகச் செய்யும் வேலை. செய்துகொண்டே, கோபமாக இருக்கிறோமா இல்லையா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். தெரியவில்லை. தனக்குக் கோபப்பட உரிமை உண்டா என்பதும் தெரியவில்லை. அம்மா ஒன்றை மறைத்தாள், அவளும்தான் மறைத்தாள். அம்மா செய்தது மகனை இழந்துவிடுவோம் என்ற பயத்தில். தான் செய்தது மார்க் குறைந்துவிடும் என்ற பயத்தில்.

"ஷிஜிய நெனச்சுப் பாத்தியளாம்மா?"

"அவள நெனச்சில்லா இவ்வளவும்" என்றாள் அம்மா. இப்போதுதான் அழுதாள். குலுங்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும் என்று அசையாமல் அழுதாள். கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் வழிந்தது. "நிச்சயத்து அண்ணைக்கு எல்லாரும் தின்னப் போயாச்சு. அவ மட்டும் வந்து எனக்க பக்கத்தில இருந்து காலு அமுக்கித் தந்தா. நீ நாளைக்குக் கெட்டிப் போவே. அவன் வரமாட்டான். இவளாவது இருப்பாண்ணு நெனச்சிட்டேன் மக்கா. தப்பாக்கும். தெரிஞ்சுதான் செய்தேன்."

ரெஜிலா முந்தானையால் அம்மாவின் காதைத் துடைத்துவிட்டாள்.

அரை மணி கழித்து ராபின்சன் பானட்டை மூடினார். கையில் கிரீஸ் இல்லை, இருந்தாலும் துணியால் துடைத்துக்கொண்டே வந்தார். காட்டாக்கடைக்குப் போகவில்லை, வீட்டுக்குத் திரும்புகிறோம் என்றார். வழியெல்லாம் அவர் பேசிய ஒரே விஷயம், நாற்பத்து மூன்று வீட்டுக்கும் திரும்பப் போக வேண்டும் என்பது. அழைக்க ஒரு முறை இருக்கிறது. ஜெபம் இருக்கிறது, தட்டு இருக்கிறது. அழைத்ததைத் திரும்ப வாங்க யாரும் முறை வைக்கவில்லை. என்ன சொல்லிப் படியேறுவது? போன தடவை போல அவர்கள்தான் வண்டிக்குள் ஏறி வரவேண்டுமா?

"அதுக்கு முன்ன காஞ்சிரங்குளம்" என்றார். "ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கப் பிடாது. நாளைக்கே போகணும். நானும் இவளும் போய்ச் சொல்லுகதாக்கும் மரியாதை."

"நான் போறேம்பா" என்றாள் ரெஜிலா. "மொதல்ல நான் ஒருத்தி போறேன். இந்தப் பேச்ச தொடங்கினது நானாக்கும்."

அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். கியரை மாற்றினார்.

*

பாறசாலைக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலு. மூன்று நாள் பூட்டிக்கிடந்த வீட்டில் காற்று புழுங்கியிருந்தது. அப்பாவும் அவளுமாக அம்மாவைத் தாங்கி இறக்கி உள்கட்டிலில் படுக்க வைத்தார்கள். அண்ணனுக்கு இரண்டே வரி எழுதி அனுப்பினாள்: "மெயில் இன்றுதான் பார்த்தேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன்." வேறு எழுத ஆயிரம் இருந்தது. எதுவும் மெயிலில் எழுதக் கூடியதாக இல்லை.

ஐந்து மணிக்கு ஷிஜி வீட்டுக்குப் போன் செய்தாள். வருவதாக முன்கூட்டிச் சொல்லாமல் போய் நிற்கக் கூடாது. போனில் எதையும் சொல்லவும் கூடாது. இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டாள்.

ஷிஜியே எடுத்தாள்.

"எட்டி, வீட்டுவண்டி எங்கின வந்தாச்சு? அம்மா கேக்கா, நீங்க வந்தா நாங்க பலகாரம் வைக்கணுமா, இல்ல வண்டியில ஏறி வந்து தின்னணுமாண்ணு."

ரெஜிலா சிரிக்க முயன்றாள். பயணத்தின் கடைசி வீடாக நாளை மாலை எல்லாரும் அங்கே வருவதாகத்தான் பேச்சு; மாலை அல்ல, காலையிலேயே வருகிறேன் என்றாள். எல்லாரும் இல்லை, தான் மட்டும் என்றாள். ஷிஜி அதைக் கவனிக்கவில்லை. ரவிக்கை தைத்து வந்துவிட்டது, கை கொஞ்சம் இறுக்கம், தையற்காரி சண்டைக்கு வருகிறாள், நீ வந்து பார்த்து ஒரு தீர்ப்புச் சொல்லு என்று பேசிக்கொண்டே போனாள். பின்னால் யாரோ தேங்காய் துருவும் சத்தம் கேட்டது.

பிறகு குரலைத் தாழ்த்தினாள். வகுப்பில் செவ்வாய்க்கிழமை தோறும், சார் அந்தப் பக்கம் திரும்பியதும் கேட்கும் அதே குரல்.

"ரெஜி, மெயில் உண்டா?"

உள்ளே கட்டிலில் அம்மா அசைவது கேட்டது. அவளுக்கும் இந்தப் பேச்சு கேட்கிறது. இல்லை என்று சொல்லிவிடலாம். இன்று ஒரு ராத்திரியாவது ஷிஜி நிம்மதியாகத் தூங்குவாள். ரவிக்கைக் கையைப் பிரித்துத் தைப்பாள். ஒரு ராத்திரிதானே.

"உண்டு" என்றாள் ரெஜிலா.

"எனக்கா?"

"உனக்கு ஒண்ணு உண்டு. நான் திறக்கல்ல."

நிஜின் மெயில் என்றால் ரெஜிலாவே படித்து, கிண்டல் செய்து, பிறகுதான் தருவாள் என்பது இருவருக்கும் தெரியும். தேங்காய் துருவும் சத்தம் நின்றிருந்தது.

"நீ ஏன் திறக்கல்ல?"

"அண்ணன் திறக்காதேன்னு எழுதியிருக்கு."

"நல்ல காரியமா ரெஜி?"

தாளில் எழுதி வைத்திருந்த இரண்டு வரியிலும் இதற்குப் பதில் இல்லை.

"காலத்தே வாறேன்" என்றாள் ரெஜிலா. "நீ வீட்டிலே இரு. எங்கயும் போயிராதே."

சரி என்றாள் ஷிஜி. சொன்னவள் போனை வைக்கவில்லை. ரெஜிலாவும் வைக்கவில்லை. அப்புறம் அந்தப் பக்கம் வைக்கும் சத்தம் கேட்டது.

மாலை 6.10. வீடு, பாறசாலை.

நாளை, சனி. காலை 7 மணி பஸ்ஸில் காஞ்சிரங்குளம். லேப்டாப்பை எடுத்துப் போக வேண்டும். முதலில் ஷிஜியிடம், அவள் அம்மா அப்பாவிடம் பேசுவதற்கு முன்பே, நான் சொல்ல வேண்டும். அவள் மெயிலைப் படிக்கும்போது நான் வெளியே நிற்க வேண்டும். 11 மணிக்கு அப்பா வருவார். அவரோடு போதகரைப் பார்த்து, ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.